பதினொன்றாம் பக்கத்துச் சத்தம்

படக்கதையின் பதினொன்றாம் பக்கம் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் தணிக்கைக்காரர்களின் நீலப் பென்சில்: கத்தி உடம்பில் இறங்கும் இடம் தெரியக்கூடாது.

படத்தில் கந்தகத் துறவி, நெற்றியில் கொம்பு முளைத்தவன், பலிபீடத்தில் கிடந்த சூனியக்காரியின் விலாவில் கத்தியைப் பிடிவரை இறக்கியிருந்தான். அதற்கு முந்தைய கட்டத்தில் ஒரு அடியாளின் தாடையைப் பிய்த்து எறிந்திருந்தான். அதற்கு ஆட்சேபம் இல்லை.

"கொம்பு வரலாமாம், பேய் வரலாமாம், தாடைய பிச்சு எறியலாமாம்," என்றார் ஆசிரியர் ஹெர்ஷ், சுருட்டைக் கடித்தபடி. "ஓட்டை மட்டும் தெரியக்கூடாதாம். நல்ல வீட்டுப் பிள்ளைங்க படிக்கிறதாச்சே. பெருசா ஒரு சத்தத்தப் போட்டு மூடு, ரூபன். பன்னெண்டு மணிக்குள்ள அச்சுக்குப் போகலைன்னா இந்த மாசம் புத்தகமே இல்ல."

ரூபன் ஸ்கால்ஸி எழுத்துக்காரன். படக்கதையில் பேச்சையும் சத்தத்தையும் மையால் எழுதுவது அவன் வேலை. எலும்பு முறிவதும் மண்டை பிளப்பதும் ஆறு வருடமாக அவன் கையில் தானாக வரும்.

காயத்தின் மேல் வெள்ளை மை பூசினான். சுற்றிலும் வெடிப்புப் போலக் கோடு இழுத்தான். உள்ளே 'சதக்' என்று எழுதப் பேனாவை எடுத்தான்.

போன மார்ச்சில், பிராங்க்ஸ் ரயில் நிலையப் படிக்கட்டில், அவன் முன்னால் இறங்கிக்கொண்டே ராத்திரிக்கு மீன் வாங்கலாமா என்று மனைவி நோரீனிடம் கேட்டான். பதில் இல்லை. இன்னும் ஆறு படி இறங்கினான். திரும்பியபோது அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். கைப்பை இல்லை. பச்சைக் கோட்டு விலாப்பக்கம் கறுத்துக்கொண்டே வந்தது. பிறகு மருத்துவர் எண்ணிச் சொன்னார், மூன்று கத்திக்குத்து. மூன்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பியிருப்பான்.

பேனாவைக் கீழே வைத்தான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹெர்ஷ் வந்தார். "என்னப்பா, வெத்தா இருக்கு? சத்தம் எங்க?"

"வராது சார்."

"எது வராது?"

"கத்தி எறங்குனா சத்தம் வராது."

"ஏன், பக்கத்துல நின்னு கேட்டியாக்கும்?"

சொன்ன பிறகுதான் ஹெர்ஷுக்கு உறைத்தது. நோரீனின் அடக்கத்துக்கு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் அவர். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல், பார்க்க வேறொன்றும் இல்லாமல், பக்கத்தைப் பார்த்தார்.

வெள்ளை இன்னும் ஈரம். அதன் நடுவில், அடியிலிருந்த கறுப்பு ஒரு பொட்டளவு ஊறி மேலே வந்திருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல விரிந்தது.