ஒரு வாய்க்கு ஒரு சிட்டிகை

"மண்ணு கிண்ணு திங்காளா?" என்று டாக்டர் ஷம்சாத் பேகம் கேட்டபோது சண்முகசுந்தரி யோசிக்கவே இல்லை. "இல்லை டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் யோசித்திருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும்.

மடியில் இருந்த மகள் ஈசுவுக்கு ஒன்றே முக்கால் வயது. டாக்டர் அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பழந்துணி மாதிரி வெளுத்திருந்தது. பிறகு உள்ளங்கையைத் திருப்பினார். நகங்களைப் பார்த்தார். அன்று காலையில்தான் சுந்தரி பிள்ளையைத் தூங்கவைத்து, ஒவ்வொரு நகமாக ஊக்கால் அழுக்கெடுத்திருந்தாள்.

"முட்டை குடுப்பீங்களா?"

"நாங்க சைவம் டாக்டர்" என்றான் அவள் கணவன் கோமதிசங்கர்.

"அப்ப கேப்பை, சிறுபயறு, முருங்கைக்கீரை, கருப்பட்டி. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் உள்ள போகணும். பாலைக் குறைங்க. பாலையே குடிச்சா வயிறு ரொம்பிரும், ரத்தம் ஊறாது. சொட்டு மருந்து எழுதுதேன். பத்து நாள் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும். ரத்தம் ஏத்த வேண்டி வரும்."

வெளியே வந்ததும் கோமதிசங்கர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டான். குருவிகுளம் யூனியன் ஆபீசில் அவன் சத்துணவுப் பிரிவு கிளார்க். "ஊர்ல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு எத்தனை கிராம் பருப்புன்னு எழுதுதேன். எம் பிள்ளைக்கு ரத்தம் இல்லையாம்" என்றான். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் சுந்தரியால் தாங்க முடியவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் தொடங்கியது இந்த மண் தின்னும் பழக்கம். அம்மன் கோயிலில் இருந்து பிரசாதமாகக் கொண்டுவந்த புற்றுமண்ணை, சாமி படத்துக்கு முன்னால் மூடிபோட்ட வட்டச் சம்புடத்தில் வைத்திருந்தார்கள். நெற்றியில் ஒரு கீற்று, நாக்கில் ஒரு துளி. இந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் அப்படித்தான். அன்றைக்கு ஈசுவின் நாக்கிலும் ஒரு துளி வைத்தாள். பருப்புச்சோற்றைக் காக்கைக்கும் அணிலுக்கும் சமமாகப் பங்கிட்டுத் துப்புகிற பிள்ளை, அந்த மண்ணைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு இன்னும் கேட்டது.

பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் பார்த்துச் சிரித்தாள். "ஏட்டி, அம்மா மண்ணுல்லா கேக்கா! சாமிப் பிள்ளை. குடேன், என்ன செய்யப் போகுது?"

"அதுக்காக அள்ளி அள்ளியா குடுப்பாவ, அக்கா?"

"ஒரு வாய் சோத்துக்கு ஒரு சிட்டிகை மண்ணுன்னு பேரம் பேசு. நீதான் படிச்சவளாச்சே."

ஆறுமுகத்தாய் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சுந்தரி அதைச் செய்து பார்த்தாள். பலித்தது. ஒரு வாய் சோறு, உடனே கையை நீட்டும் பிள்ளை. ஒரு சிட்டிகை மண், அடுத்த வாய். இரண்டு மூன்று நாள் அவள் ஊரையே ஜெயித்தவள் மாதிரி நடந்தாள். நாலாம் நாள் ஈசு முதலில் மண்ணைக் கேட்டாள். பத்தாம் நாள் சோறு வேண்டாம், மண் மட்டும் போதும் என்றாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாததற்குக் காரணம் சுந்தரிக்கு மட்டும் தெரியும். கிளை நூலகத்தில் இருந்து எடுத்துவந்த தடித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று அப்போது பாதியில் இருந்தது. பனி மூடிய ஏதோ ஊரில் ஒரு பெண் ஜன்னலைத் துடைத்துத் துடைத்துத் தபால் வண்டிக்குக் காத்திருந்தாள். சங்கரன்கோவிலின் மத்தியான வெயிலில் உட்கார்ந்து அந்தக் குளிரை அனுபவிக்க வேண்டுமென்றால் பிள்ளை அரைமணி நேரம் அழாமல் இருக்க வேண்டும். சம்புடத்தைக் கையில் கொடுத்தால் ஈசு அழமாட்டாள். ஒரு மத்தியானம் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தபால் வந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் சம்புடத்தில் முக்கால்வாசி போய்விட்டது. சம்புடம் காலியானபோதெல்லாம் கணவனுக்குத் தெரியாமல் அவளே கோயிலுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். அம்மனைக் கும்பிடும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டரிடம் போய்வந்த அன்றே சம்புடத்தைப் பரணில் ஏற்றினாள். புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினாள். கேப்பைக் கூழில் கருப்பட்டி கரைத்தாள். சிறுபயறை வறுத்துத் திரித்துக் கஞ்சி வைத்தாள். முருங்கைக்கீரையை ஆய்ந்து, பருப்போடு மசித்து, நெய் விட்டுச் சோற்றில் பிசைந்தாள். நாலு கிண்ணத்தில் நாலு நிறம். ஈசு நாலையும் பார்த்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஆபீசுக்குக் கிளம்பும் முன் கோமதிசங்கர் கண்டக்டர் ஆகிவிடுவான். "புளியங்குடி, புளியங்குடி! ஏறு, ஏறு! வாயைத் தொறங்கம்மா, பஸ் உள்ள வருது, ரைட்!"

பிள்ளை சிரிக்க வாயைத் திறக்கும். பஸ் உள்ளே போகும். போன வேகத்தில் ரிவர்ஸில் வந்து அவன் சட்டையில் நிற்கும்.

"டிக்கெட் எடுக்காம எறங்கிட்டாளே" என்று துடைத்துக்கொண்டே போவான்.

அவன் போனதும் ஈசு பரணுக்குக் கீழே வந்து நிற்பாள். மேலே கைநீட்டி "ம்மா மண்ணு" என்பாள். சுந்தரி தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். அழுகை தெருமுனைவரை கேட்கும். மூன்றாம் நாள் அவள் தோற்றாள். பரணில் இருந்து எடுத்து ஒரே ஒரு சிட்டிகை கொடுத்தாள். ஆறாம் நாள் இரண்டு. சொட்டு மருந்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தனக்கே ஒரு நியாயமும் செய்துகொண்டாள்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. கோமதிசங்கர் விடியலில் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தான். கையில் தாள் சுற்றிய பொட்டலம், கனமாக இருந்தது.

"நேந்துக்கிட்டேன் சுந்தரி. நாப்பத்தெட்டு நாள். காலையில வெறும் வயித்துல முதல்ல அம்மா மண்ணு. பெறகுதான் மத்ததெல்லாம். அவ பாத்துக்கிடுவா."

பொட்டலம் பிரியும் சத்தத்துக்கே ஈசு ஓடிவந்தாள். அவன் முன்னால் நின்று, தலையை அண்ணாந்து, வாயை முழுசாகத் திறந்தாள். அடிநாக்கு தெரிந்தது.

"பாத்தியா!" என்றான் அவன். கண் கலங்கிவிட்டது. "எதுக்கும் தொறக்காத வாய். எப்படித் தொறக்கா பாரு!"

அவன் விரல்கள் சிட்டிகை எடுத்தன. சுந்தரி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதீங்க."

"ஏன்?"

"அவளுக்கு ரத்தம் போனதே இதுலதான். நாந்தான் குடுத்தேன். ரெண்டு மாசமா."

நின்றபடியே சொன்னாள். பேரம் பேசியதை, சம்புடத்தைக் கையில் கொடுத்ததை, நகத்தைச் சுத்தம் செய்ததை. புத்தகத்தை மட்டும் கடைசியில் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. பிள்ளை சாப்பிடவேண்டும் என்று கொடுத்தேன் என்பதோடு நிறுத்தியிருந்தால் அவன் மன்னித்தே இருப்பான். அப்படி ஒரு மன்னிப்பை வாங்கிவைத்துக்கொண்டு அவளால் காலம் தள்ள முடியாது.

கோமதிசங்கர் விரலில் இருந்த மண்ணைப் பிள்ளையின் நெற்றியில் பூசினான். பொட்டலத்தை மடித்தான். "டாக்டர் கேக்கும்போது நான் உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "கெளம்பு" என்றான்.

எல்லாவற்றையும் கேட்டதும் டாக்டர் ஷம்சாத் பேகம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒம்பது நாளும்மா! அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பூச்சி மருந்து குடுத்திருப்பேன். இப்ப நான் குடுத்த சொட்டு மருந்தெல்லாம் வீணாத்தானே போச்சு? ரத்தம் கம்மியான பிள்ளைதான் மண்ணு கேக்கும். மண்ணு தின்னா இன்னும் கம்மியாகும். ஒரு நாளைக்கு எவ்வளவு குடுத்த?"

சுந்தரி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். டாக்டர் அந்தக் கையையே பார்த்தார். கோமதிசங்கர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பாளையங்கோட்டைக்கா டாக்டரம்மா?" என்றாள் சுந்தரி.

"இன்னும் பத்து நாள் தாரேன். பூச்சி மருந்து இன்னைக்கே குடு. மண்ணு ஒரு துளி கூடாது. அழுதா அழட்டும், பக்கத்துல உக்காந்திரு. விட்டுட்டு எந்திரிச்சுப் போகாதே."

வீட்டுக்கு வந்ததும் கோமதிசங்கர் சம்புடத்தையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, அம்மனிடமே கொடுத்துவிட்டு அப்படியே ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிப் போனான். இன்றைக்குப் புளியங்குடி பஸ் வரவில்லை.

சுந்தரி கீரைச்சோற்றைப் பிசைந்து, அடுக்களைத் தரையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தாள். கதை சொல்லவில்லை. காக்கையைக் கூப்பிடவில்லை. ஒரு சின்ன உருண்டையை நீட்டினாள்.

ஈசு அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மென்றாள். முகம் சுளித்தது, கழுத்து ஒருமுறை ஏறி இறங்கியது. முழுங்கிவிட்டாள். முழுங்கியதற்குச் சாட்சியாக வாயைத் திறந்து காட்டினாள்.

சுந்தரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அடுத்த உருண்டையைக் கையில் எடுத்தாள்.

அப்போது ஈசு தன் வலதுகையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் லேசாகக் குவிந்து. ஒரு வாய் தின்றாயிற்று. ஒரு சிட்டிகை வரவேண்டும். பேரத்தில் தன் பங்கை ஈசு காப்பாற்றிவிட்டாள்.

சுந்தரி ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். பிள்ளை அதைப் பார்த்தது, தரையில் போட்டது, மறுபடியும் கையை நீட்டியது.

"இல்லை மக்கா" என்றாள் சுந்தரி. "இனிமே இல்லை."

நீட்டிய கை அப்படியே இருந்தது. உதடு பிதுங்கியது. பிறகு, தெருமுனைவரை கேட்கும் அந்த அழுகை தொடங்கியது. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து புத்தகத்தின் முதுகு ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது. சுந்தரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கையில் பிடித்த கீரை உருண்டை காய்ந்துகொண்டிருக்க, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.