புயலன் தாழை திருமண வாழ்த்து

தை மாதத்தில் என்னிடம் யாரும் நின்று பேச முடியாது. ஒரு முகூர்த்தத்துக்கு நாற்பது ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான். "மாமா போட்டோவ மேல தூக்குங்க, சித்தப்பா மூஞ்சியக் கொஞ்சம் வெள்ளையாக்குங்க" என்று உயிரை எடுப்பவர்களை எத்தனையோ தடவை வெளியே போகச் சொல்லியிருக்கிறேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள கடையில் பதினாறு வருடமாக டிசைனர் நான். பெயர் மணிமாறன். கோபக்காரன், ஆனால் வேலை சுத்தம் என்று முதலாளி சொல்வார்.

அந்தத் தையில்தான் பவித்ரா வந்தாள். கூட ஒரு பையன், இளஞ்செழியன். இருவரும் நர்சிங் இரண்டாம் வருடம். அவள் கையில் ஒரு காமிக்ஸ் புத்தகம்.

"ஜெயிச்சுட்டோம்ண்ணே! கல்யாண ஃப்ளெக்ஸ் வைக்கணும். பத்துக்கு எட்டு. அனலி கட்சிக்காரன் அம்புட்டுப் பேரும் வயிறெரியணும்!"

அந்தப் புத்தகத்தில் புயலன் என்று ஒருவன், காற்றைக் கையால் பிடித்து எறிகிறவன். தாழை, அனலி என்று இரண்டு பெண்கள். யாரை அவன் கட்டுவான் என்று மூன்று வருடமாகப் பிள்ளைகள் தாழை கட்சி, அனலி கட்சி என்று பிரிந்து வாட்ஸப்பில் அடித்துக்கொண்டார்களாம். அந்த மாத இதழில் புயலன் தாழைக்கு மாலை போட்டுவிட்டான். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குக் கேட்டது 'கல்யாண ஃப்ளெக்ஸ்' மட்டும்தான்.

"கதையெல்லாம் வெளிய போய்ப் பேசு தாயி. படத்த வாட்ஸப்புல அனுப்பு" என்றேன்.

"செத்த நேரம் கேளுங்கண்ணே. கீழ வாழ்த்துறவங்க வரிசையில எங்க பதினாறு பேர் போட்டோவும் வரணும். என்னோடது மட்டும் கடைசியில, பொடிசா. எங்கப்பா நத்தம் பக்கமிருந்து இங்க மார்க்கெட்டுக்குப் பூ கொண்டாருவாரு. பாத்தாருன்னா, படிக்க வந்தியா பேனர் வைக்க வந்தியான்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. ரெண்டு நாள் பட்டினி கெடந்து வாங்குன படிப்புண்ணே."

இப்போது ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் வருகிறது. அன்று ஒன்றும் காதில் ஏறவில்லை.

"முடிச்சதும் ப்ரூஃப் அனுப்புங்க. பாத்துட்டு ஓகே சொல்றேன்."

"அனுப்புறேன், போ."

மதியம் படங்கள் வந்தன. முகமூடி போட்ட இரண்டு பேர் மாலையும் கழுத்துமாக நிற்கிற படம் மிகச் சிறியது. பத்தடிக்கு இழுத்ததும் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டன. உடைந்த முகத்தோடு ஒரு ஃப்ளெக்ஸும் என் கையிலிருந்து போனதில்லை. மற்ற போட்டோக்களைப் பார்த்தேன். பதினான்கு மங்கல். இரண்டு மட்டும் பளிச்சென்று இருந்தன, பவித்ராவும் இளஞ்செழியனும். வந்தது ஒரு பெண்ணும் ஒரு பையனும், கேட்டது கல்யாண ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளை பெண்ணைக் கார்ட்டூனாக வரைவது இப்போது ஃபேஷன்தானே, புயலன், தாழை என்பதும் செல்லப்பெயராக இருக்கும் என்று நினைத்தேன். உடைந்த இரண்டு முகங்களையும் எடுத்துவிட்டு இவர்கள் முகங்களை ஒட்டினேன். நன்றாகத்தான் பொருந்தின. ப்ரூஃப் அனுப்பவில்லை. அனுப்பினால் திருத்தம் சொல்வார்கள். நாசமாய்ப் போன புத்தி!

விடியற்காலையில் எங்கள் கடை சடையாண்டி அதைப் பூ மார்க்கெட் போகும் வழியில் கட்டிவிட்டு வந்தான். ஏழு மணிக்கு பவித்ரா போனில் அலறினாள்.

"இறக்குங்கண்ணே! எங்கப்பா வர்ற நேரம்ண்ணே!"

"ஏன், போட்டோ நல்லாத்தான இருக்கு?" என்றேன். கடவுளே, அப்படித்தான் கேட்டேன்.

ஓடிப்போய் நானே கிழித்து இறக்கினேன். நல்லவேளை, அன்று அவள் அப்பா உடையப்பன் மார்க்கெட்டுக்கு வரவில்லை. அங்கே ஓடி வந்திருந்த பவித்ரா நடைபாதையில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தாள். "தப்பிச்சோம்ண்ணே" என்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

அதற்குள் ஆறரை மணிக்கே ஒருவன் படம் எடுத்துவிட்டான். ஸ்ரீஹரி என்று அனலி கட்சிப் பையன். நடுவில் இருக்க வேண்டியது யார் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே, 'தாழை கட்சிக்காரங்களே தாலி கட்டிக்கிட்டாங்க' என்று எழுதி அவர்கள் குழுவில் போட்டான். எல்லோரும் சிரித்து, ஆளுக்கு இரண்டு குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள். மதியத்துக்குள் அது அவள் ஊர்த் திருவிழாக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே யாருக்கும் புயலனையும் தெரியாது, தாழையையும் தெரியாது. பவித்ரா முகம் தெரியும். பையன் என்ன சாதி என்று கேட்டார்கள். வேறு சாதி.

அன்று சாயங்காலமே விடுதியிலிருந்து அவளைக் கூட்டிப் போய்விட்டார்கள். மறுநாள் இளஞ்செழியனை நான்கு பேர் வழிமறித்து அடித்ததில் வலது கை முறிந்தது.

அந்தக் காமிக்ஸைத் தேடி வாங்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். உடையப்பன் மல்லித் தோட்டத்தில் நின்றிருந்தார்.

"அய்யா, தப்பு என்னுது. இந்தப் புஸ்தகத்துல உள்ள கல்யாணம் இது. ஒங்க மக ஒண்ணும் பண்ணல."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "பொம்மைக்கா கல்யாணம்?" என்றார்.

"ஆமாய்யா."

"நம்புறேன் தம்பி. எம்மகள எனக்குத் தெரியாதா? ஆனா ஊரு நம்பணுமில்ல. வீடு வீடாப் போயி இந்தப் புஸ்தகத்தக் காட்டச் சொல்றியா?"

நம்பாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நம்புகிறவரிடம் என்ன பேசுவது? புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஸ்ரீஹரி ஒருநாள் கடைக்கு வந்தான். "சும்மா கலாய்ச்சேன்ண்ணே. இப்படி ஆகும்னு நெனைக்கல" என்று அழுதான். அறைய ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன். அறைய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? குழுக்களில் இன்னும் சண்டை ஓயவில்லை. அனலி திரும்பி வருவாளா என்பதுதான் இப்போது பேச்சு. பவித்ரா பெயரை யாரும் எடுப்பதில்லை.

வைகாசியில் உடையப்பன் கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"பவித்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எம் மச்சினன்தான், அவ தாய்மாமன். ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கணும்." மாப்பிள்ளையின் போட்டோவை மேசைமேல் வைத்தார். நாற்பதைத் தொடுகிற முகம்.

"படிப்பு பாதியில நிக்குதேய்யா."

மாப்பிள்ளை போட்டோவை என் பக்கம் நகர்த்தினார்.

"பொண்ணு போட்டோ?" என்றேன்.

"ஒங்கிட்டதான இருக்கு. அதையே போடு. கட்டுன எடத்துலயே கட்டு. அதப் பாத்தவன் இதையும் பாக்கட்டும்."

அந்தக் கோப்பைத் திறந்தேன். தாழை ஜெயித்த அன்று எடுத்த படம், பல் தெரியச் சிரிக்கிறாள். கழுத்தைச் சுற்றி மறுபடி வெட்டினேன். தாய்மாமன் பக்கத்தில் வைத்தேன். பொருந்தியது.

இந்தத் தடவை ப்ரூஃப் அனுப்பினேன், பவித்ராவின் பழைய எண்ணுக்கு. ஒற்றை டிக் விழுந்தது. இன்னொன்று விழுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அடிப்பா, நேரமாகுது" என்றார் உடையப்பன்.

அடித்தேன்.