நகக்கண் அளவு பூரணம்

தொக்கியே மரக்கரண்டியால் வாணலியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள் மசுயோ.

“அந்தச் சின்னக் கிண்ணம் யாருக்கு?”

“யாருக்கும் இல்லக்கா.”

“அப்போ எடுத்து உள்ள வை. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நினைச்சியா?”

மசுயோ, தொக்கியேவின் கணவனுக்கு அக்கா. முன்னோருக்கு ஒஹாகி என்ற இனிப்புச் சோற்றுருண்டை படைக்க வேண்டிய நாள் என்பதால் முதல் பேருந்திலேயே வந்திறங்கியிருந்தாள். தம்பி சாகக் கிடந்தாலும் படையல் நிற்கக் கூடாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான், ஆனால் எப்போதும் ஜெயித்துவிடுவாள்.

அடுத்த அறையில் செத்சுவோ படுத்திருந்தார். வாய்வழியாக எதுவும் தரக் கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லி ஒன்பது நாளாகிறது. மூன்று நாளாக அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உள்ளே சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்து, மேலே வறுத்த சோயா மாவில் புரட்டிய ஒஹாகி.

மத்தியானம் ஒன்றரைக்கு மகள் சதோமி ஒசாகா பக்கத்திலிருந்து ஃபோன் செய்தாள்.

“புயல் காத்துல ரயில நிறுத்தி வச்சிருந்தாங்கம்மா. இப்பதான் எடுத்தாங்க. அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் அப்பாவப் பாத்துக்கோ. அவர் கெஞ்சினாருன்னு எதையாவது குடுத்துத் தொலைக்காதே.”

“சரிம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அப்பாவும் மகளும் பேசி இரண்டு வருஷமாகிறது. யார் முதலில் பேசுவது என்பதிலேயே ஓடிப்போன இரண்டு வருஷம். சதோமி வரும்வரை இந்த மனிதரின் மூச்சு நின்றுவிடக் கூடாது. தொக்கியேவுக்கு அன்று வேறு வேண்டுதல் இல்லை.

பூரணம் இறுகி வாணலியை விட்டுப் பிரிந்தது. அந்த மணம் கதவிடுக்கு வழியே போயிருக்க வேண்டும். உள்ளே கட்டில் முனகியது. அவள் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“மணக்குது,” என்றார்.

“ஆமாங்க.”

“கொஞ்சம்.”

“சதோமி வந்துக்கிட்டிருக்கா. அவ வந்ததும் தரேன்.”

அவர் கண்ணை மூடி யோசித்தார். “அதுக்குள்ள ஆறிடும்.”

சமையலறையில் மசுயோ வெந்த சோற்றைக் கட்டையால் இடிக்கத் தொடங்கியிருந்தாள். தொம், தொம். இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவள் இந்தப் பக்கம் வர மாட்டாள். தொக்கியே ஏப்ரன் பையிலிருந்து அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். அதை உள்ளே வைத்திருக்கவில்லை; அடியில் கொஞ்சம் பூரணம் எடுத்து வைத்திருந்தாள். சுண்டுவிரல் நுனியில் நகக்கண் அளவு பூரணத்தை எடுத்து அவர் உதட்டுக்குள் தடவினாள். அவசரத்தில் கொஞ்சம் வாயோரம் ஒட்டிக்கொண்டது. இடிச் சத்தம் நின்றது. கிண்ணம் ஏப்ரன் பைக்குள் போனது. அவர் தொண்டை மெதுவாக ஏறி இறங்கியது.

“உப்பு பத்தல,” என்றார்.

நாற்பத்து நான்கு வருஷமாகச் சொல்லும் அதே குறை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. சமையலறையில் மறுபடி தொம் என்று கட்டை விழுந்தது.

அரை மணி நேரம் கழித்து அவர் இருமினார். பெரிய இருமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மூச்சு கரகரவென்று மாறியது. இதனாலா, இல்லை எப்படியும் இப்படித்தான் முடிந்திருக்குமா என்று யாரிடம் கேட்பது? நாலு மணிக்குச் சற்று முன்னால் அடங்கிவிட்டார். டாக்டர் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டுப் போனார். மசுயோ, சாவு விழுந்த வீட்டு வழக்கப்படி, முன்னோரை வைத்துக் கும்பிடும் அலமாரியின் கதவைச் சாத்தினாள்.

சதோமி வந்தபோது ஐந்தாகப் பத்து நிமிஷம். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை.

இறந்தவரின் உதட்டை நனைக்கும் கடைசித் தண்ணீருக்காக மசுயோ குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்தாள். மனைவி முதலில், பிறகு பிள்ளை, பிறகு உடன்பிறந்தவர். தொக்கியே உதட்டைத் தொட்டும் தொடாமலும் நனைத்தாள். அழுத்தித் துடைத்திருக்கலாம், ஆனால் அக்காவின் கண் அவள் கையிலேயே இருந்தது. அடுத்துச் சதோமி அழுத்தி நனைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது.

“என்னம்மா இது? ரத்தமா?”

தொக்கியே வாய் திறப்பதற்குள் மசுயோ குனிந்து பார்த்துவிட்டாள். “ரத்தமாவது! பூரணம். படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி பாவி!”

“நான்தான் குடுத்தேன்,” என்றாள் தொக்கியே. “நீ வர்ற வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அதுக்குள்ள ஆறிடும்னார்.”

“எத்தனை மணிக்கு?”

“ரெண்டு அடிச்சப்புறம்.”

சதோமி மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. தொக்கியே அந்தக் கணக்கு முடியக் காத்திருந்தாள். மகள் இனி தன்னோடும் பேச மாட்டாள் என்றே தோன்றியது.

“முழுங்கினாரா?”

“முழுங்கினார்.”

“ஏதாவது சொன்னாரா?”

“உப்பு பத்தலன்னார்.”

சதோமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

“போதும், என் முறை,” என்றாள் மசுயோ. புதுப் பஞ்சு சுற்றினாள், நனைத்தாள், அதிகத் தண்ணீரை வழித்தாள். தம்பியின் மேலுதட்டில் ஒரு முறை, கீழுதட்டில் ஒரு முறை ஓட்டினாள். வாயின் இடது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பூரணம் இருந்தது. பஞ்சு அங்கே போய் நின்றது.

அதை மட்டும் தொடாமல் குச்சியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.