பட்டியலில் இல்லாதவள்

ஜம்புநாதனின் கண்கள் அறுபத்தொன்பதாம் வயதில், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதை நிறுத்திக்கொண்டன. காலை ஏழுக்குத் திறந்தால் மதியம் ஒன்றுக்கு, அவர் குடியிருந்த கல்கத்தாவின் பாலிகஞ்ச் முழுவதும் இருண்டுவிடும். புரை இல்லை, நீரழுத்தம் இல்லை. உடம்பிலேயே அதிகம் தின்கிற சதை விழித்திரைதான் என்றார் டாக்டர் மஹிமா சென். வயதானால் அதன் செல்களுக்குள் இருக்கும் அடுப்புகள் மந்தமாகி, சர்க்கரையை எரித்துச் சக்தியாக்குவது குறையும். “வியாதி இல்லை காகு, வயசுதான்.” காகு என்றால் வங்காளத்தில் சித்தப்பா.

முப்பத்தொரு வருடம் மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில், எந்தப் பகுதிக்கு எப்போது மின்வெட்டு என்று பட்டியல் போட்டவர் அவர். செய்தித்தாளுக்கு நாற்பது நிமிடம், மாடிப்படிக்குப் பத்து, கடைத்தெருவுக்கு ஐம்பது என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். கண்கள் கீழ்ப்படிந்தன. நாற்பத்தொன்றாம் நிமிடம் செய்தித்தாள் மட்டும் கறுத்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன.

மனைவி வசுமதி பட்டியலை இரண்டு முறை படித்தாள்.

“டிராமுக்குக்கூட அஞ்சு நிமிஷம் இருக்கு. நான் எங்கே?”

“நீ எதுக்கு அதுல?”

முப்பத்தெட்டு வருடம் பார்த்த முகம் போதும் என்று தன்னை வெட்டிவிட்டதாக எடுத்துக்கொண்டு, அவள் பதினொரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மாலை, ஆறு மணி நேரமும் தீர்ந்து இருட்டில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் சத்தமில்லாமல் வந்து நின்றாள்.

“புடவையை மாத்து. முந்தானையில மஞ்சக்கறை.”

“எப்படித் தெரியுது உங்களுக்கு?”

“ஆஸ்பத்திரி லைனை நாங்க லிஸ்ட்ல எழுதவே மாட்டோம். எழுதினா ஒருநாள் வெட்டுவோம்னு அர்த்தம்.”

“இதை அன்னிக்கே வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?”

“உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

“நல்லா நினைச்சீங்க,” என்று அவர் தலையில் லேசாகக் குட்டினாள்.

அடுத்த வருடம் நான்கு மணி நேரம், அதற்கடுத்த வருடம் ஒன்றரை. ஹவுரா பாலம் போயிற்று, மகள் அனுப்பும் படங்கள் போயின, கடைசியில் தட்டுச் சோறும் அவருடைய கையும் போயின. எழுபத்துநான்காம் வயதில் பட்டியலைக் கிழித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது வசுமதி மட்டும். இருண்டுபோன எதுவும் அவளை மறைக்கவும் இல்லை. கரியாஹாட் சந்தையில் பூசணிக் குவியலுக்குப் பின்னால் அவள் நின்றாலும் நேராக அவளிடம் நடந்து போவார். காய்காரர்கள் ஒதுங்கப் பழகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு கௌசிக் வந்து வசுமதி எங்கே என்று கேட்டால், ஜம்புநாதன் கூரையை அண்ணாந்து பார்ப்பார். மாடியில் துணி காயப்போடுகிறாள், வாயில் கிளிப், இப்போது கூப்பிட்டால் பதில் வராது என்பார். அவள் இறங்கி வரும்வரை காத்திருக்க, கௌசிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.