ஜாக்கும் ஒன்பதும்

அம்மாவிடம் யார் சொல்வது என்பதற்குத்தான் அந்த ஆட்டம். அம்மா இராசமணி இரண்டு தடவை கிணற்றடியில் விழுந்துவிட்டார். தேனுஜன் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் தீவிலுள்ள கரம்பொன்னுக்குத் திரும்புவான். கனடாவிலிருந்து லீவில் வந்த தமையன் சதீசன் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பேசி முடித்தான். தேனுஜனும் ஓம் என்றுவிட்டான். அதைச் சொல்லத்தான் இருவருக்கும் வாய் வரவில்லை.

"போக்கர் விளையாடுவம். தோக்கிறவன் சொல்லுறது," என்றான் சதீசன்.

காசுக்குப் பதில் புளியங்கொட்டை. ஆளுக்கு இரண்டு சீட்டுக் கடதாசி கையில். பிறகு ஐந்து நடுவில் விரியும். அதற்கு முன்னரே கொட்டை கட்டலாம், விடலாம்.

"முதல் ரெண்டும் நல்லாயில்லாட்டி இறங்காதை, விட்டிடு. ஒரு கொட்டைதான் நட்டம்."

சதீசன் தான் சொன்னபடியே விளையாடினான். விட்டான், விட்டான், நல்லது வந்தபோது மட்டும் இறங்கினான். ஊரையும் அப்படித்தான் விட்டவன் என்று தேனுஜன் நினைத்தான். அப்பா படுக்கையில் கிடந்த வருடம் தேனுஜனுக்கு விடுகிற வசதி இருக்கவில்லை. வந்த கடதாசியை வைத்துத்தான் விளையாடினான்.

பிறகு ஓர் ஆட்டத்தில் அவனுக்கு ஜாக்கும் ஒன்பதும் வந்தன. யோசிக்கமுன்னமே கை எல்லாக் கொட்டைகளையும் நடுவில் தள்ளிவிட்டது.

சதீசன் இரண்டு ராசாக்களைக் காட்டினான். தம்பியின் கடதாசிகளைப் பார்த்துச் சிரித்தான்.

"டேய், இது முந்நூற்றி நாலு இல்லையடா."

தீவில் எல்லோரும் விளையாடுகிற முந்நூற்றி நாலில் ஜாக்தான் பெரிய கடதாசி, அடுத்தது ஒன்பது. ராசா அவற்றுக்கு வெகு கீழே. அந்த இரண்டையும் கண்டால் துணிந்து ஏலம் கேட்டுப் பழகிய கை அது. நடுவில் விரிந்த ஐந்தும் உதவவில்லை.

"இன்னொருக்கா விளையாடுவமோ?" சதீசன் கேட்டான். வேண்டாம் என்ற பதிலைத்தான் அவன் எதிர்பார்த்தான்.

"வேண்டாம் அண்ணை."

குசினியில் இராசமணி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். தேனுஜன் பக்கத்தில் குந்தினான்.

"அம்மா, உங்களை முதியோர் இல்லத்திலை விடப்போறம். அடுத்த கிழமை."

அவர் திருவுவதை நிறுத்தாமலே கேட்டார்: "ஆரின்ரை யோசனை?"

"ரெண்டு பேரின்ரையும்."

"பெரியவன் ஏன் வந்து சொல்லேல்லை?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"விளையாட்டிலை அண்ணை வெண்டிட்டார்," என்றான்.

இராசமணியின் கை அப்போதுதான் நின்றது.