ஒரு நாள் பிந்தி வந்த சூடு

வடிவம்மாவுக்கு 2009ஆம் ஆண்டு பங்குனியில் வந்த காய்ச்சல் இன்றுவரை விடவில்லை. செட்டிகுளம் அகதிமுகாமில் மலேரியாவோ என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு டொக்டர் காய்ச்சல் குச்சியை இரண்டுதரம் உதறிப் பார்த்துவிட்டுக் குச்சியை மாற்றச் சொன்னார். புதுக்குச்சியும் அதே உச்சச் சூட்டையே காட்டியது. அவளுக்குத் தலையிடி இல்லை, பசி குறையவில்லை, வேலையில் சுணக்கமில்லை. உடம்பு மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பானைபோலச் சுட்டது. மீள்குடியேறி, முள்ளியவளைக்கு அப்பால் பற்றைக்காட்டை வெட்டி, கொட்டில் போட்டு, பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடும் கட்டினார்கள். புருசன் வீரையா மாரியில் அவளுக்குப் பக்கத்திலும் கோடையில் வேப்பமரத்தடியிலும் படுத்தான். ஊர்ச்சனம் முதலில் பயந்து, பிறகு அலுத்து, கடைசியில் அதை மறந்தே போனது. கைக்குழந்தையை மட்டும் யாரும் அவளிடம் நீட்டுவதில்லை. அவளும் கேட்பதில்லை.

அவளுக்கு ரஜிதா என்றொரு பிள்ளை இருந்தது. அந்தப் பங்குனியில் மாத்தளனில் பருவம் தப்பிய மழை பெய்து, ஷெல்லடிக்குப் பதுங்கியிருந்த பங்கருக்குள் வெள்ளம் ஏறியபோது அதற்கு இன்னும் பல் முளைக்கவில்லை. பால் வற்றிப்போன தாய், ஈரச்சேலைக்குள் பிள்ளையைப் பொத்திவைத்துக்கொண்டு பகல் முழுக்க இருந்தாள். அவளே நடுங்கிக்கொண்டிருந்தாள், கொடுக்க அவளிடம் சூடு இல்லை. பொழுதுபடமுதல் பிள்ளை குளிர்ந்துவிட்டது. வீரையா மணலில் குழி தோண்டினான். அடுத்தநாள் காலையில்தான் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. அதைப்பற்றி அவள் ஒருவரோடும் கதைத்ததில்லை.

உரமும் உழவுமெசினுக்கு எண்ணெயும் கிடைக்காமல் வயல் பொய்த்த வருடம், கோழி வளர்ப்பம் என்று வீரையாதான் சொன்னான். ஐப்பசி மழைக்கு நடுவில் வடிவம்மா பக்கத்திலுள்ள தண்ணீரூற்று ஊருக்குப் போய், மீராசாகிபுவின் விவசாயக் கடையில் குஞ்சு வாங்கினாள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போன மீராசாகிபு, தாடி நரைத்தபிறகு திரும்பிவந்து பழைய இடத்திலேயே கடையை எழுப்பியிருந்தார். தீவன மூட்டைகளுக்கும் மண்வெட்டிகளுக்கும் நடுவில் குஞ்சுகள் கத்திக்கொண்டு நின்றன. அவள் ஒன்றையும் தொடவில்லை. ஓட்டை போட்ட மட்டைப்பெட்டிக்குள் அவரே பிடித்து விட்டார்.

“தங்கச்சி, உமி பரப்பி, பல்ப் போட்டு வையுங்கோ. சூடு இல்லாட்டி இதுகள் தாங்காது.”

“ஓம் நானா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் வடிவம்மா.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானமே காற்றடித்துக் கறன்ற் நின்றது. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கின. பிறகு கத்துவதை நிறுத்தின. ஒன்று கால்களை நீட்டிவிட்டுச் சரிந்தது.

“நீ கையை வை” என்றான் வீரையா.

“எனக்கு ஏலாது.”

“வடிவு, சாகப்போகுது.”

“அதுதான் ஏலாதெண்டுறன்.”

வீரையா அவளிடம் பிறகு கேட்கவில்லை. விறைத்த குஞ்சை எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் கையை விலக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தாள். மடிச்சீலைக்குள் ஏதோ உதைத்தது. குனிந்தபோது குஞ்சு கண் திறந்து, அவளுடைய சேலைக்கரையைக் கொத்தியது. அந்த வீட்டில் அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

“அண்டைக்கு எங்கயப்பா போனது இந்தச் சூடு? ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதோ?”

வீரையா அவளுக்குப் பக்கத்தில் குந்தினான். மற்றக் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியில் வைத்தான். கறன்ற் வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். ஒரு குஞ்சும் சாகவில்லை.

கார்த்திகை முடிகிற கிழமை வன்னி கண்டிராத குளிர்காற்று வந்தது. வெளியில் நின்ற மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தன. ஆடுகள் பட்டியோடு விறைத்தன. மீராசாகிபு கடை முழுக்கக் குஞ்சு வைத்திருந்தார். கறன்ற் இல்லை. மழைக்குள் சைக்கிளில் வந்து படலையில் நின்று, “தங்கச்சி, உங்கட மடியில வைச்ச குஞ்சு சாகாதெண்டு ஊரில கதைக்கினம். உண்மையோ பொய்யோ, ஒருக்கா வாங்கோ” என்றார். வடிவம்மா போனாள். கடை நடுவில் கதிரை போட்டு அவளை இருத்தினார்கள். காலடியிலும் மடியிலும் தோளிலும் குஞ்சுகள் ஏறின. கொஞ்ச நேரத்தில் கடைக் கண்ணாடிகளில் ஆவி படிந்தது. மீராசாகிபு தன் சால்வையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அப்போது கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவருடைய மருமகள் ஸஹ்றா துணிப்பொட்டலம் ஒன்றோடு வந்தாள். ஏழாம் மாதத்தில் பிறந்த ஆண்பிள்ளை. உதடு நீலம் பாரித்திருந்தது. றோட்டில் மரங்கள் விழுந்து கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை.

“மாமி, பிடியுங்கோ.”

வடிவம்மா கதிரையோடு பின்னால் சாய்ந்தாள். “வேண்டாம் பிள்ளை. குஞ்சு வேற, இது வேற. என்ர கையில ஒண்டு போனது.”

“தெரியும் மாமி, சனம் சொன்னது. அதுதான் உங்களிட்டக் கொண்டுவந்தனான். நீங்கள் விடமாட்டீங்கள்.”

ஸஹ்றா துணியை விலக்கி, பிள்ளையை அவள் நெஞ்சில் கிடத்தினாள். வடிவம்மாவின் கைகள் முதலில் காற்றில் நின்றன. பிறகு இறங்கி அணைத்தன. அவளுக்குத் தாலாட்டு ஒன்றும் நினைவில் வரவில்லை. “நான் இருக்கிறன், நான் இருக்கிறன்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உள்ளங்கால் மெல்லச் சிவந்தது. அது வாயைக் கோணி, வீரிட்டு அழுதது. சத்தம் கேட்டு மீராசாகிபு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்தார். காற்று ஓயும்வரை வடிவம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

சூடு அதற்குப் பிறகும் குறையவில்லை. குறையவேண்டுமென்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். மாரி தொடங்கினால் மீராசாகிபு கடையில்தான் அவளுக்கு வேலை. வேறு ஊர்களிலிருந்தும் குஞ்சு வாங்க வருகிறார்கள். அவள் மடியில் இருந்துவிட்டுப் போகிற குஞ்சு சாகாது என்பது அங்கே மழை, வெயில்போல ஒரு விசயம். அந்தப் பிள்ளைக்கு நவ்பர் என்று பெயர் வைத்தார்கள். இப்போது ஓடித்திரிகிறான். கிணற்றடியில் தாய் குளிக்கவார்த்ததும் துவாய்க்குப் பிடிபடாமல் கடைக்குள் ஓடிவந்து, சொட்டச்சொட்ட வடிவம்மாவின் மடியில் தலையைச் சாய்ப்பான். அவள் தீவனம் நிறுக்கிற ஆளோடு கதைத்துக்கொண்டே அவன் தலைமயிரைக் கோதிவிடுவாள். மயிர் காய்ந்ததும் அவன் எழும்பி விளையாடப் போய்விடுவான்.