ஏரிப்பாறைத் தியானம்

படைப்பின் அழகில் படைத்தவனைக் காணும் கண்கள் கோடியில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். பாலக்கோட்டுப் பக்கத்து உபதேசியார் மகன் இன்னாசிமுத்துவுக்கு வாய்த்த கண்களுக்குப் பத்தடிக்கு அப்பால் எருமையும் புதரும் ஒன்றுதான். அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அவன் பாதிரியார் படிப்புக்காகச் சேலத்துக் குருமடம் போவதாக இருந்தது. பங்குச்சாமி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும், அதுதான் பாக்கி. ஆகவே மாசி மாதம் முழுக்க விடியற்காலையில் ஏரிப்பாறை மேல் சம்மணம் போட்டு இயற்கையைத் தியானித்தான். தியானித்ததை ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் வாசித்தான்:

"நீலமலைமீது கதிரவன் எழுகிறான். பனியிலே வெண்ணாரைகள் வரிசையாகக் குந்தியிருக்கின்றன. அசையாமல் என்னையே நோக்குகின்றன. அவையும் ஆண்டவரைத் துதிக்கின்றன போலும்."

சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை பாஞ்சாலி என்பவள் ஊர்ப் பெண்கள் சிலரோடு சாமி பங்களாவுக்கு வந்தாள்.

"சாமி, பொம்பளைங்க ஒதுங்க அந்த ஏரிக்கரை ஒண்ணுதாங்க இருக்குது. ஒங்க உபதேசியார் பையன் தெனமும் பாறை மேல உக்காந்துக்கிட்டு எங்களையே மொறச்சுப் பாக்குது. எந்திரிக்கவும் முடியல. வெள்ளத் துப்பட்டியப் போத்திக்கிட்டு, அது எப்ப எறங்கும்னு அப்படியே குந்தியிருக்கறோம்."

சாமிக்கு நாரைகள் புரிந்தன. பையனை வரவழைத்தார்.

"பொம்பளைங்களப் பாக்கத்தான் போனியா?"

"இல்லைங்க சாமி. படைப்பின் அழகைத்தான்..."

"எது கண்ணு அழகு?" என்றாள் பாஞ்சாலி. "எங்க சொம்பா?"

குருமடம் கைநழுவிப் போவது பத்தடிக்குள்ளேயே நடந்ததால் இன்னாசிமுத்துவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சாமி, எனக்குத் தூரப் பார்வை கெடையாதுங்க. பத்தடி தாண்டுனா எல்லாம் பொகை மாதிரிதாங்க."

"அப்ப நாரை?"

"வெள்ளையா இருந்துச்சுங்க."

"நீலமலை?"

"அந்தப் பக்கம் மலை இருக்குதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காருங்க."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதுதானா சங்கதி," என்றாள் பாஞ்சாலி. "அப்ப உக்காந்துக்கட்டும் விடுங்க சாமி. கல்லோட கல்லா இருந்துட்டுப் போவுது."

சாமி குருமடத்துக்கு எழுதத்தான் செய்தார்: பையனுக்கு ஒழுக்கத்தில் குறை இல்லை, பார்வையில் உண்டு. கண்ணாடி போட்டு அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. தருமபுரியில் கண்ணாடி வாங்கி மாட்டி, அப்பா அவனைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

தொப்பூர் கணவாயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்னாசிமுத்து முதன்முதலாக ஒரு மலையைப் பார்த்தான். அது நீலமாக இல்லை.

அவனுக்குப் பிடிக்கவில்லை.